ஒரு கிணறு, ஐந்து மோட்டார், ஒரு ஜப்பானிய விருந்தினர்

வெளிநாட்டு நிறுவனத்தாரைக் கூட்டிக்கொண்டு சேலம், நாமக்கல் பக்கம் ஆலை பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அருவியும் கோயிலும் இதில் வராது. இப்படி ஒரு பயணத்துக்கு முன்னால் நான் இணையத்தில் எவ்வளவோ தேடினேன். முதலீட்டாளர் கையேடுகள் நிறைய இருந்தன. முதலீட்டாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆளுக்கு என்று ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். படிக்கும்போதே மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டேன், அதனால்தான் இந்த வேலை கிடைத்தது. பிப்ரவரியில் ஒரு ஜப்பானிய நிறுவனத்திலிருந்து மோரி என்பவர் வந்தார். மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து உணவுப் பொருள் செய்யும் நிறுவனம் அது. ராசிபுரத்தைத் தாண்டி உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையில் பங்கு வாங்கி, அதை இரண்டு மடங்காகப் பெரிதாக்கலாமா என்று நேரில் பார்க்க வந்திருந்தார். எங்கள் மேலாளர்தான் உடன் போக வேண்டியது. முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. நீ போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார்.

போனில் அவர் சொன்ன விதி ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. சொந்தமாகப் பேசுவதற்குத்தான் நான் பயப்படுவேன். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான்.

காலை ஏழரைக்குச் சேலத்தில் மோரி சார் தங்கியிருந்த விடுதியிலிருந்து கிளம்பினோம். கார் வாடகை ஒரு நாளைக்கு நாலாயிரத்து இருநூறு, டிரைவர் படி தனி. டிரைவர் செந்தில் அண்ணன் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர், ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர். சமதளத்தில் ஓட்டுவது அவருக்குத் தூக்கம் வரவழைக்கிற வேலையாம். அதை அவரே சொன்னார். மல்லூர் வரும்வரை அவர் கண்ணையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்னம்மா, என்னையவே மொறைக்கறீங்க? அவரப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா வராரு" என்றார்.

மோரி சார் உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த உடம்பு. ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டு, என்ன ஏற்றிப் போகிறது, எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். முட்டை, கோழித்தீவனம், போர்வெல் போடும் வண்டி என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. இந்த வட்டாரத்தின் பலம் அவருக்குச் சாலையிலேயே தெரிந்துவிட்டது. நல்ல நெடுஞ்சாலை, பக்கத்திலேயே கிழங்கு, அந்தத் தொழிலைத் தெரிந்த ஆட்கள், எது பழுதானாலும் அன்றைக்கே சரிசெய்யும் பட்டறைகள். அவர் நாட்டில் இப்படி ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பது அரிது என்றார். மீதி இருக்கிற கேள்வி தண்ணீர் மட்டும்தான் என்றும் சொன்னார். கிழங்கைக் கழுவ, அரைக்க, மாவைத் தெளிய வைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஆலை இரண்டு மடங்கானால் தண்ணீரும் இரண்டு மடங்கு வேண்டும்.

ஆண்டகளூர்கேட்டில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி ராசிபுரத்துக்குள் போனோம். சேலத்திலிருந்து இதுவரை சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கே டீ குடித்தோம், மூன்று டீ நாற்பத்தைந்து ரூபாய். பிறகு கொல்லிமலையை எதிரில் பார்த்தபடி கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர். ஆலை வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும். புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. புதியவர்களுக்குக் குமட்டும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு ஆத்தூரிலேயே பழகிய வாசனை என்பதால் மோரி சாரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்தார், ஆலை முதலாளி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்துவிட்டார்.

முதலாளி பெயர் குமரேசன். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. காலையில் தோட்டத்துக்கும் பிறகு ஆலைக்கும் போகிற குடும்பத்துக்காரர். அவர் வீட்டுக்காரம்மா இளநீர் கொடுத்தார். ஆலையைச் சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கிழங்கு இறங்குகிற இடம், அரைக்கிற இயந்திரம், மாவுப்பால் தெளிகிற தொட்டிகள், குருணையை வறுக்கிற அடுப்பு, காயப்போடுகிற களம். குமரேசன் சொன்னதை நான் சொன்னேன். மோரி சார் கேட்டதைக் கேட்டேன். கழிவுநீரைச் சுத்தம் செய்கிற அமைப்பு சின்னதாக இருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, அதைப் பெரிதாகக் கட்டத்தான் கூட்டாளி தேடுகிறேன், தனியாளாக முடியாது, இந்தப் பக்கம் பல ஆலைகள் அதனாலேயே மூடிக் கிடக்கின்றன என்றார் குமரேசன். அதில் ஒளிவுமறைவு இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கொஞ்சம் பயம் குறைந்தது.

அப்புறம் கிணற்றைப் பார்க்கப் போனோம்.

ஆலைக்குப் பின்னால் தோட்டத்தைத் தாண்டி முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கிணறுகளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டமாகச் சுவர் கட்டிய கிணறு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பாறையை வெட்டி எடுத்த பெரிய சதுரப் பள்ளம் அது, எண்பது அடி ஆழம் இருக்கும், கைப்பிடிச் சுவர் கிடையாது. மோரி சார் போன் கேமராவைப் பிடித்துக்கொண்டு விளிம்புவரை போனார். அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா, மரியாதைக்குறைவாகுமா என்று தெரியாமல் என் கைகள் அந்தரத்தில் நின்றன.

கிணற்று மேட்டில் வரிசையாக ஐந்து ஸ்டார்ட்டர் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. ஐந்து குழாய்கள் ஐந்து பக்கம் போயின.

மோரி சார் எண்ணிப் பார்த்தார். ஐந்து மோட்டார்கள், மிகவும் நல்லது என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவருக்கு ஐந்து மோட்டார் என்றால் ஐந்து மடங்கு பலம். எனக்கு அந்தப் பூட்டுகள்தான் கண்ணில் பட்டன.

எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கிணற்றில் ஐந்து பெட்டி, ஐந்து பூட்டு என்றால் ஐந்து பங்கு. ஐந்து குடும்பத்தார் முறை வைத்து இறைக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். அடுத்தவர் முறையில் மோட்டார் போடுவது வீடு புகுந்து அடுப்பில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி. அம்மா களையெடுக்கப் போகிற தோட்டங்களுக்கு நானும் துணி துவைக்க உடன் போயிருக்கிறேன். இன்றைக்கு யார் முறை என்று கேட்டு, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொட்டியில் வாளியை வைப்போம்.

குமரேசன் பங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டதற்கு, "நல்லா வருமுங்க, கோடையிலயும் வத்துனது இல்லீங்க" என்றார். நான் அப்படியே சொன்னேன். ஓட்டிக் காட்ட முடியுமா என்று மோரி சார் கேட்டார். குமரேசன் ஒரு கணம் யோசித்துவிட்டு முதல் பெட்டியைத் திறந்து மோட்டாரைப் போட்டார். தண்ணீர் தொட்டியில் பாய்ந்து விழுந்தது. மற்ற நான்கையும் போடலாமா என்று மோரி சார் கேட்டார். கரண்டு தாங்காது என்று பதில் வந்தது. அதையும் சொன்னேன். நிறுவனம் வந்து ஆலை இரண்டு மடங்கானால் அந்தத் தண்ணீர் யார் முறையிலிருந்து வரும் என்பது அங்கே நின்ற இருவருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. கேள்வி கேட்கிற உரிமை இருந்தது அந்த மூன்றாவது ஆளுக்கு மட்டும்தான்.

அப்போது வரப்பில் ஒரு அம்மா வந்தார். பெயர் பாவாயி என்று பிறகு தெரிந்துகொண்டேன். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, சேலை முந்தியில் முடிந்த சாவி. ஓடுகிற மோட்டாரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சண்டை போடுகிற குரலில் இல்லை, சந்தேகம் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஏனுங் கொழுந்தனாரே, இன்னைக்கு என்ற மொறை இல்லீங்களா?"

மோரி சார் என் பக்கம் திரும்பி, இவர் யார், என்ன கேட்கிறார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குமரேசன் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"நம்ம தோட்டத்துல வேல செய்யறவங்கன்னு சொல்லிப்போடு அம்மிணி."

தணிந்த குரல்தான். ஆனால் பாவாயி அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் குமரேசனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். தனக்குப் புரியாத ஒரு மொழியில் தன்னைப் பற்றி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், எதுவும் நினைக்கவில்லை. துணிச்சல் என்று யாராவது சொன்னால் அது தவறு. நினைவில் இருந்தது மேலாளரின் விதி ஒன்றுதான். நான் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். அந்த அம்மா, இன்றைக்குக் கிணற்றில் என் முறை இல்லையா என்று இவரைக் கேட்கிறார். இவர், அந்த அம்மா தன் தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்று உங்களிடம் சொல்லிவிடும்படி என்னிடம் சொல்கிறார். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மோரி சார் அந்த ஐந்து பெட்டிகளையும் இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை பூட்டுகளைப் பார்த்தார். பிறகு பாவாயி அம்மாவின் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். இதில் உங்களுடையது எது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் மண்வெட்டிக் காம்பால் மூன்றாவது பெட்டியைக் காட்டினார்.

குமரேசனுக்கு நான் என்ன சொன்னேன் என்பது புரிந்துவிட்டது. அவர் போய்த் தன் மோட்டாரை நிறுத்தினார். பாவாயி அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்து, பூட்டைத் திறந்து, தன் மோட்டாரைப் போட்டுவிட்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆலை அலுவலக அறைக்குத் திரும்பி நடந்த முந்நூறு மீட்டர்தான் அந்தப் பயணத்திலேயே நீளமான தூரம். குமரேசன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது. உட்கார்ந்ததும் மோரி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தாத்தா காலத்துக் கிணறு, தனக்கு ஐந்தில் ஒரு பங்கு, ஆலைக்கென்று போட்ட போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஐந்து குடும்பம் என்று சொன்னால் வந்தவர்கள் பயந்துகொண்டு வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள், அதனால் சொல்லவில்லை. நான் மொழிபெயர்த்து முடித்ததும் குமரேசன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ எந்த ஊரு அம்மிணி?"

ஆத்தூருங்க என்றேன்.

"அப்ப உனக்குத் தெரியாததா. இந்த ஆலை நின்னா கெழங்கு போட்டவன் எங்க போவான்?"

என்ன சொல்கிறார் என்று மோரி சார் பார்வையால் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது இரண்டு கேள்விகள்தான். கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி கழுவுவதற்கே பயன்படுத்தினால் கிணற்றைத் தொடாமல் ஆலையைப் பெரிதாக்க முடியுமா? மற்ற நான்கு குடும்பத்தாரும் உட்கார்ந்து பேச ஒப்புக்கொள்வார்களா? முதல் கேள்விக்கு, பெரும்பகுதி முடியும், ஆனால் செலவு அதிகம் என்றார் குமரேசன். இரண்டாவது கேள்விக்கு முதலில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வருவாங்க. ஆனா நான் ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் போயி நிக்கோணும். அண்ணியம்மா ஊட்டு வாசல்ல இன்னைக்கே நிக்கோணும்."

மோரி சார் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி உள்ளது உள்ளபடி நிறுவனத்துக்கு எழுதுவேன் என்றார். சாப்பாடு போட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் முகம் கழுவ வெளிக்குழாய்க்குப் போனேன். பாவாயி அம்மா அங்கே மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன அம்மிணி சொன்ன அவருகிட்ட?"

சொன்னேன்.

"அல்லாத்தையுமா?"

ஆமாங்க என்றேன். நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் நான் நினைத்திருக்க வேண்டும். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"எங்க நந்தினி பி.எஸ்.சி. படிச்சுப்போட்டு பள்ளிபாளையத்துல துணிக் கம்பெனிக்குப் போயிட்டு வாரா. விடியறதுக்கு முந்தி பஸ் ஏறோணும். கம்பெனிக்காரங்க வந்தா இங்கயே லேப்ல வேல வாங்கித் தாரேன்னு கொழுந்தனாரு சொல்லீருந்தாரு. இனி அவுங்க வருவாங்களா சாமி?"

குனிந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன். அதுவரை நான் பயந்ததெல்லாம் என் வேலைக்காகவும் தப்பாகப் பேசிவிடுவேனோ என்பதற்காகவும்தான். அந்தக் குழாயடியில்தான் வேறு மாதிரிப் பயம் வந்தது. நான் சரியாகச் சொன்னதே இவருடைய மகளின் வேலையைக் கெடுத்திருக்கலாம்.

திரும்பும் வழியில் மோரி சார் தூங்கிவிட்டார். "என்னம்மா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஜப்பான்காரரு திட்டுனாரா?" என்றார் செந்தில் அண்ணன். இல்லை என்றேன். "அப்ப நம்மாளு திட்டுனாரா?" அதுவும் இல்லை என்றேன். "யாருமே திட்டாததுக்கா இந்த மூஞ்சி" என்று சொல்லி ராசிபுரத்தில் வண்டியை நிறுத்தி மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மோரி சாரையும் எழுப்பி ஒன்று கொடுத்தார். அவர் காரம் தாங்காமல் கண்ணீர் விட்டார், இன்னொன்று கேட்டார்.

மாலை மேலாளர் போன் செய்தபோது சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு நான் நினைக்கல" என்றார். பிறகு, பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அந்தப் பார்க்கலாமை வைத்துக்கொண்டு மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஆலை ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் கிழங்கு வெட்டுகிற காலத்தில் போங்கள், சித்திரையில் போனால் காலியான களத்தைத்தான் பார்ப்பீர்கள். அஷ்டமி, நவமியைத் தவிர்த்துவிடுங்கள், நல்லதாக எதையும் பேச உட்காரமாட்டார்கள். விருந்தினருக்கு வழுக்காத செருப்பு வேண்டும், ஆலைத் தரை முழுக்க மாவு. கழிவறை ராசிபுரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. நிலத்தின் ஆவணங்களை வக்கீல் பார்ப்பார். கிணற்றடிக்கு வக்கீல் வரமாட்டார், நீங்கள்தான் போவீர்கள். பெட்டிகளை எண்ணுங்கள், பூட்டுகளைப் பாருங்கள், விருந்தினர் கேட்காவிட்டாலும் இன்றைக்கு யார் முறை என்று முதலாளியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு அம்மா தன் கிணற்று மேட்டிலேயே கூலியாள் ஆகி நிற்க வேண்டியிருந்திருக்காது.

போன வாரம் மோரி சாரிடமிருந்து கடிதம் வந்தது. நிறுவனம் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஐந்து பங்குதாரர்களோடும் பேசிய பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்று எழுதியிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை வருகிறார். குமரேசன் எனக்கே போன் செய்தார். ஐந்து வீட்டுக்காரர்களும் வருகிறார்களாம். "நீயே வா அம்மிணி, வேற ஆளு வேண்டாம்னு உங்க சாருகிட்டயும் சொல்லிப்போட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ஒரு அம்மா மட்டும்தான். இப்போது ஐந்து குடும்பத்தார் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தடவை மறக்காமல் கேட்டேன், வியாழக்கிழமை யார் முறைங்க என்று. பாவாயி அம்மாவின் முறையாம். கூட்டத்துக்காக முறையை மாற்றிக்கொள்ள முடியாது, மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் வந்து உட்காருவேன், நடுவில் எழுந்து போய் மடை மாற்றிவிட்டு வருவேன், அதுவரைக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்திவைத்திருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று நேற்றிலிருந்து சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டாமல், குறைக்காமல்.